உளியால் காடி எடுக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கலாம்

காடி என்றதும் ஊறுகாய் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்கவும், இது தச்சுக் காடி. டிராயரின் அடிப்பலகை உட்காரும் பள்ளம், கதவுச் சட்டத்துக்குள் பலகை செருகும் பள்ளம், அலமாரித் தட்டு ஏறி நிற்கும் பள்ளம். பள்ளம் தோண்டும் மின்சார ரூட்டர் மெஷின் வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிஷ வேலை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைத் தச்சனாக இருக்கும் எனக்கு, உளியும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும்தான். மெஷின் ஓட்டினால் மரத்தூள் நேராக அடுப்படிக்குப் போகும், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வருஷம் நான் எடுத்த காடிகள் எல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தன. உளியை மாற்றினேன், மரத்தை மாற்றினேன், வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ஒருநாள் கடலூர் ஓல்டு டவுனில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் என் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. "இங்கியே கொஞ்சம் வெட்டிக் காட்டு தம்பி" என்றார். வெட்டினேன். குனிந்து, தரையில் விழுந்ததை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பொடியா வருது. கல்லுக்குப் போ." உளியைத் தீட்டு என்கிறார், அவ்வளவுதான்.

அதிலிருந்து நானும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். உளி செய்வது இரண்டே வேலை: மரத்தின் நாரை அறுக்கும், இல்லையென்றால் பிளக்கும். அறுத்தால் சீவல் சுருண்டு வரும். பிளந்தால் நீளமான சிம்பாக வரும். இரண்டும் செய்யாமல் நசுக்கினால் பொடியாக உதிரும். காடி கெட்டுப்போகிற இடத்தில் எல்லாம் நாம் அறுக்க நினைத்தோம், உளி பிளந்துவிட்டது, அல்லது நசுக்கிவிட்டது. கீழே ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்கிறேன். உங்கள் பிரச்சனை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். மரத்தின் ரேகை, அதாவது நார், ஓடும் திசையிலேயே போகிற காடியை நீளக் காடி என்கிறேன், ரேகைக்குக் குறுக்கே போவதைக் குறுக்குக் காடி என்கிறேன். இரண்டுக்கும் வெட்டும் முறை வேறு. ஒன்றின் முறையை இன்னொன்றில் போட்டாலே பாதித் தொல்லை வரும். அளவு மி.மீ. என்றும் நூல் என்றும் கலந்து வரும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், ஆக இரண்டு நூல் உளி என்றால் ஏறக்குறைய 6 மி.மீ. அப்புறம், பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளாதீர்கள். என் இடது கை ஆள்காட்டி விரலில் அதற்கான தழும்பு இருக்கிறது.

சீவலே வரவில்லை, பொடியாக உதிர்கிறது

உளி மழுங்கல். மற்ற எல்லா அறிகுறிக்கும் முன்னால் இதைத் தீர்த்துவிடுங்கள், ஏனென்றால் மழுங்கிய உளியை வைத்துக்கொண்டு வேறு எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக வாங்கிய உளி கூராகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற உளி, தீட்டுவதற்குத் தயாராக வருகிறதே ஒழிய வெட்டுவதற்குத் தயாராக வருவதில்லை.

சோதனை எளிது. ஒரு துண்டு மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார்களின் நுனி தெரிகிற பக்கத்தில், கையால் மட்டும் அழுத்திச் சீவுங்கள். மாமரம் மாதிரி மெத்தென்ற மரமாக இருந்தால் இன்னும் நல்லது. கூரான உளி அந்த முகத்தைப் பளபளவென்று விட்டுவிட்டுப் போகும். மழுங்கிய உளி வெள்ளை வெள்ளையாக நசுங்கிய திட்டுகளை விடும். கடினமான மரத்தில் மழுங்கிய உளிகூட ஓரளவு சமாளித்துவிடும், மெத்தென்ற மரம்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சோதனை வெளிச்சம். ஜன்னல் பக்கம் திரும்பி, முனை மேலே பார்க்க உளியைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கூரான முனை கண்ணுக்குத் தெரியாது. முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கல், அங்கங்கே புள்ளி மின்னினால் பல் விழுந்திருக்கிறது.

தீட்டுவதில் எல்லோரும் சாய்வு முகத்தையே, அதாவது முனையை நோக்கிச் சரிவாக இறங்கும் பக்கத்தையே, தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கிற இடம். முதுகு, அதாவது தட்டையான பக்கம், மட்டமாக இல்லையென்றால் சாய்வு முகத்தை விடிய விடியத் தேய்த்தாலும் முனை வராது. முதுகு முழுவதையும் தேய்க்கத் தேவையில்லை, முனையிலிருந்து ஒரு அங்குலம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும். ஒரு உளிக்கு ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் ஆயிற்று.

என்னிடம் இருப்பது கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்பரண்டம் கல், ஒரு தடித்த கண்ணாடித் துண்டு, வாட்டர் பேப்பர் என்கிற, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்துப் பேப்பரை ஒட்டினால் அதுவே மட்டமான கல். 400 நம்பர் பேப்பரில் ஆரம்பித்து, 1000, அப்புறம் 2000. பேப்பரில் உளியை நம்மை நோக்கி இழுக்க வேண்டும், முன்னால் தள்ளினால் பேப்பர் கிழியும். சாய்வு 25 டிகிரிக்கு வைத்து, முனையில் மட்டும் 30 டிகிரிக்கு ஒரு சின்ன இரண்டாவது சாய்வு. கோணம் சரியாக விழுகிறதா என்று தெரிய, சாய்வு முகத்தில் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முனையில் அழிந்திருந்தால் சரி. மேலே அழிந்து முனையில் அப்படியே இருந்தால் நீங்கள் கூரைத் தொடவே இல்லை, இரும்பைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எப்போது நிறுத்துவது? முதுகுப் பக்கம் கட்டைவிரலை முனைக்கு வெளியே போகிற மாதிரி வருடினால் ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். முனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிசிறு வந்துவிட்டால் அந்தப் பேப்பரில் வேலை முடிந்தது. பிசிறு வராமலே அடுத்த பேப்பருக்குப் போகிறவர்கள்தான் "எவ்வளவு தீட்டியும் கூர் வரலை" என்பவர்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பச்சை பாலிஷ் கட்டியைத் தடவி, இரண்டு பக்கமும் பத்துப் பத்து இழுப்பு. பிசிறு போய்விடும்.

ஓரம் பிய்ந்து வருகிறது

முதலில் எந்த ஓரம் என்று பாருங்கள். குறுக்குக் காடியின் இரண்டு கரையும் பிய்கிறது என்றால், பென்சில் கோட்டை நம்பி உளியை இறக்கியிருக்கிறீர்கள். பென்சில் கோடு கண்ணுக்கு மட்டும்தான், மரத்துக்கு அது தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாரும் அந்தப் பக்கம் இருக்கிற நாரும் ஒரே நார். இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கமும் கூடவே எழுந்து வரும்.

அதனால் கத்தியால் கோடு போடுங்கள். மூலைமட்டத்தை இறுக்கிப் பிடித்து, முதல் தடவை லேசாக, இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தி, மூன்றாவதில் நன்றாக. முதல் தடவையே அழுத்தினால் கத்தி ரேகையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். பிறகு வெட்டி எறியப் போகிற பக்கத்திலிருந்து உளியைச் சாய்த்து, அந்தக் கோட்டை நோக்கி மெல்லிய சீவலாக எடுங்கள். கோட்டை ஒட்டி ஒரு பக்கம் செங்குத்தாக, ஒரு பக்கம் சரிவாக, குட்டி வாய்க்கால் மாதிரி வரும். ரம்பத்தை அந்த வாய்க்காலில் வைத்தால் அது தானாகவே கரையை ஒட்டி உட்காரும். இரண்டு கரையையும் ரம்பத்தால் ஆழம் வரை அறுத்தபிறகு நடுவில் இருப்பதை எடுப்பதுதான் உளியின் வேலை. நார் இரண்டு பக்கமும் அறுபட்டுவிட்டதால் பிளந்து எடுத்தாலும் கரைக்கு ஆபத்தில்லை.

கரை நன்றாக இருந்து, பலகையின் மறுபக்க விளிம்பு மட்டும் ஒரு துண்டாகத் தெறித்துப் போகிறதா? ஒரே பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே போய் அந்தப் பக்கம் வெளியே வந்திருக்கிறீர்கள். கடைசி நாருக்குப் பின்னால் தாங்குவதற்கு ஒன்றுமில்லை, அறுபடாமல் பிய்ந்துவிட்டது. பாதி வரை இந்தப் பக்கமிருந்து, கொஞ்சம் மேல்நோக்கிய சாய்வில் எடுங்கள். பலகையைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து மீதிப் பாதி. நடுவில் சின்ன மேடு நிற்கும். அதைக் கடைசியாக உளியைப் படுக்கவைத்துச் சீவிவிடலாம்.

ப்ளைவுட்டில் என்றால் மேல் படலம் காகிதம் மாதிரி இருக்கும், கத்திக் கோடு இல்லாமல் தொடவே கூடாது. அதோடு அதில் இருக்கும் பசை கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். உண்மையைச் சொன்னால் ப்ளைவுட்டில் காடி எடுக்க நான் உளியைத் தூக்குவதில்லை, இரண்டு பட்டிகளை ஒட்டி நடுவில் இடைவெளி விட்டுவிடுவேன்.

கோட்டுக்குள் வெட்டினேன், காடி அகலமாகிவிட்டது

அதிகம் பேர் தங்கள் கையைத் திட்டிக்கொள்வது இதற்குத்தான். கை பாவம்.

உளியின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் சாய்வு. அது ஒரு ஆப்பு. கோட்டின் மேலேயே முனையை வைத்து, சாய்வு முகம் கழிவுப் பக்கம், அதாவது வெட்டி எறியப் போகிற பக்கம், பார்க்க, கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் என்ன ஆகும்? உளி இறங்க இறங்க, தடித்த பகுதிக்கு இடம் வேண்டும். கழிவுப் பக்கம் இன்னும் கெட்டியாக, வெட்டாத மரமாக நிற்கிறது. நகர இடமில்லாத உளி எதிர்ப்பக்கம், கோட்டைத் தாண்டிப் பின்னால் நகரும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மயிரிழை. ஆறு அடியில் அரை நூல் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கழிவுப் பலகை ஒன்றில் கத்தியால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் உளியை நிறுத்தி ஒரே ஒரு பலத்த அடி அடியுங்கள். உளியை எடுத்துவிட்டுக் கோட்டைத் தேடுங்கள். பள்ளத்தின் பின்சுவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும், அதன் விளிம்பு நசுங்கி லேசாக உருண்டிருக்கும்.

தீர்வு: கோட்டிலிருந்து அரை நூல் உள்ளே தள்ளி ஆரம்பியுங்கள். நடுவில் இருக்கும் மரம் முழுக்கப் போனபிறகு அந்த அரை நூலைக் கடைசியாக, கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தோள் பலத்தில் கையால் மட்டும் சீவி எடுங்கள். அப்போது கழிவுப் பக்கம் மெல்லிய சீவல்தான் மிச்சம், அது வளைந்து கொடுக்கும், உளி பின்னால் நகராது. முனை கத்திக் கோட்டில் 'டக்'கென்று விழுவது கைக்கே தெரியும்.

நீளக் காடியில் இதே தவறு இன்னும் மோசமாகும். உளியின் முனையை ரேகைக்கு இணையாக, கரையை ஒட்டி வைத்து அடித்தால் நீங்கள் விறகு பிளக்கிறீர்கள் என்று அர்த்தம். காடி அகலமாவதோடு நிற்காது, விரிசல் பலகையின் கோடி வரை ஓடும். நீளக் காடிக்குக் காடியின் அகலமே உள்ள உளியை எடுத்து, முனை எப்போதும் ரேகைக்குக் குறுக்கே இருக்கிற மாதிரிதான் அடிக்க வேண்டும். கரைகளை வெட்டுவது உளி இல்லை, ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் கேஜ் கட்டையின் முனையோ கத்தியோ போட்ட ஆழமான இரண்டு கோடுகள். 3 மி.மீ.க்கு ஒரு வெட்டு வீதம், ஆழம் 2 மி.மீ.க்கு மேல் போகாமல், ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கொத்திக்கொண்டே போங்கள். பிறகு உளியைச் சாய்வு முகம் கீழே இருக்கப் படுக்கவைத்துத் தள்ளினால் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கழன்று வரும். மறுபடி கோட்டை ஆழப்படுத்தி அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரே அடுக்கில் முடிக்கப் பார்த்தால் சிம்பாகக் கிளம்பும். தரையில் நீளச் சிம்பு கிடந்தால் அடுக்கு தடிமனாகிவிட்டது என்று பொருள்.

அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கிறது

இதற்கு மூன்று காரணம் உண்டு, தனித்தனியாகவும் வரும், கூட்டணி வைத்துக்கொண்டும் வரும்.

முதலாவது, உளி கீழே கீழே பாய்கிறது. முதுகுப் பக்கம் கீழே வைத்துப் படுக்கவைத்தால், எதிர்ப்படும் நார் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும் இடத்தில் உளி அந்த நாரோடு சேர்ந்து இறங்கும். வழி இரண்டு. திசையை மாற்றி எதிர்ப்பக்கமிருந்து வாருங்கள். அல்லது உளியைக் கவிழ்த்து, சாய்வு முகம் கீழே படும்படி பிடியுங்கள். அப்போது பிடியைத் தாழ்த்தினால் முனை மேலே வரும், உயர்த்தினால் கீழே போகும். ஆழம் உங்கள் மணிக்கட்டில் வந்துவிடும்.

பலகையின் பக்கவாட்டைப் பார்த்தாலே ரேகை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும், வெட்டுமுன் அந்தத் திசையில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வேம்பிலும் சில பலாப் பலகைகளிலும் அந்த அம்புக்குறி உதவாது. ரேகை ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியுமாகப் பின்னிக் கிடக்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா மரங்களில் ஒன்றின் பலகை என்று சொல்லி ஒரு நண்பர் கொடுத்தார். மஞ்சள் நிறம், அவ்வளவு அழகு. வீணைக் குடத்துக்கு ஏன் பலாவைத் தேடுகிறார்கள் என்று தட்டிப் பார்த்தாலே தெரியும். அதில் காடி எடுத்தபோது அரை அங்குல அகலத்துக்குள்ளேயே இடது பாதி கண்ணாடியாகவும் வலது பாதி நாய் பிறாண்டின மாதிரியும் வந்தது. இப்படிப்பட்ட மரத்தில் திசை மாற்றிப் பிரயோசனமில்லை. உளியை நேராகத் தள்ளாமல், கோணலாகப் பிடித்து, பக்கவாட்டில் வழுக்கியபடி, காகிதத் தடிமனுக்குச் சீவ வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு முறை தீட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆழத்தை அளக்கவே இல்லை. கண் மதிப்பு ஆழத்துக்கு ஒத்துவராது. 18 மி.மீ. பலகையில் காடி 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு சின்னக் கட்டையில் ஸ்க்ரூ ஒன்றை ஏற்றி, தலை சரியாக 6 மி.மீ. வெளியே நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கட்டையைக் காடியின் மேல் குறுக்கே வைத்து நகர்த்தினால் எங்கே இடிக்கிறதோ அங்கே மேடு. கட்டை ஆடாமல் சும்மா போகிற இடம், ஐயோ, பள்ளம். டிராயர் அடிப்பலகைக்கு அந்தப் பள்ளத்தால் ஒரு கெடுதலும் இல்லை, அது யார் கண்ணிலும் படப்போவதில்லை. அலமாரித் தட்டின் எடை தாங்குகிற காடி என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, கடைசிச் சீவலை ஆழம் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு குட்டிக் கருவி செய்துகொள்ளலாம். கைக்கு அடக்கமான தேக்குத் துண்டு, இரண்டு அங்குலத் தடிமன், அடி மட்டமாக இழைத்தது. நடுவில் 55 டிகிரி வாக்கில் சாய்வாக ஒரு துளை. இரண்டு நூல் உளியின் பிடியைக் கழற்றிவிட்டு, சாய்வு முகம் பின்பக்கம் கீழே பார்க்க அதில் நுழைத்து, ஒரு ஆப்பால் இறுக்குங்கள். உளி முனை கட்டைக்குக் கீழே எவ்வளவு நீட்டுகிறதோ அதுதான் காடியின் ஆழம், அதற்குமேல் ஒரு இழையும் போகாது. முதல் சுற்றில் பாதி நீட்டி, தட்டித் தட்டி இறக்கிக்கொண்டு வாருங்கள். எனக்கு இதைச் செய்ய ஒரு முழு ஞாயிறு ஆனது. அன்றிலிருந்து அடிப்பகுதிப் பிரச்சனை என் பட்டறையில் இல்லை.

சுவர் சாய்ந்து நிற்கிறது

நேராக நின்றுதான் வெட்டினேன் என்பீர்கள். எதற்கு நேராக? காடிக்குப் பக்கவாட்டில் நின்றால் உளி முன்னால் சாய்வது கண்ணுக்குத் தெரியாது. காடி ஓடும் திசையில், அதன் கோடியில் நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி வைத்தால் உளி அதோடு இணையாக இருக்கிறதா என்று ஓரக்கண்ணாலேயே தெரியும். அடிப்பகுதி மேற்பகுதியைவிட ஒரு மயிரிழை அகலமாக இருந்தால் விட்டுவிடலாம், பலகை உள்ளே போகும். அடி குறுகலாக இருந்தால் பலகை பாதியில் நின்றுவிடும், தட்டினால் சட்டம் பிளக்கும். அதைச் சீவித்தான் ஆக வேண்டும்.

முனை தெறிக்கிறது, பல் விழுகிறது

பல் எங்கே விழுந்தது என்பதைவிட எப்போது விழுந்தது என்று யோசியுங்கள்.

திடீரென்று, ஒரே அடியில், ஒரு சின்னச் சத்தத்தோடு விழுந்தால் உள்ளே ஆணி. நம் ஊரில் இது சாதாரணம். பழைய வீடு இடிக்கும்போது வருகிற பர்மா தேக்குத் தூண், ஜன்னல் சட்டம் எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. அந்த மரத்தை இப்போது காசு கொடுத்தாலும் புதிதாக வாங்க முடியாது என்பதால் நானும் அதைத்தான் தேடுகிறேன். அதற்குள் தலை உடைந்த ஆணி, பெயின்ட்டுக்கு அடியில் ஸ்க்ரூ, எல்லாம் இருக்கும். ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு பலகை மேல் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் ஒரு இடத்தில் இழுபட்டால் அங்கே நிறுத்துங்கள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருப்பதும் அடையாளம். பல் விழுந்த உளியால் தொடர்ந்து வெட்டினால் காடியின் அடியில் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு விடாமல் கூடவே வரும், அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தால், கூர்க்கோணம் மெல்லிசு. 20, 22 டிகிரிக்குத் தீட்டிய உளி கையால் சீவ அருமையாக இருக்கும், கொட்டாப்புளி அடிக்குத் தாங்காது. கணு உள்ள இடத்தில் சொல்லவே வேண்டாம். அடிக்கிற உளிக்கு முனையில் 30 டிகிரி கொடுங்கள், கடினமான மரத்துக்கு 35 வரை போகலாம். தேக்கு இன்னொரு ரகம். மரத்துக்குள்ளேயே மணல் மாதிரி சிலிக்கா இருப்பதால் முனை தெறிக்காமல் தேய்ந்துபோகும். அரை மணிக்கு ஒருமுறை தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உடையாமல் மடங்கினால்? முனை வளைந்து, முதுகுப் பக்கம் விரலில் தட்டுப்பட்டால்? இரும்பின் பதம் போய்விட்டது. எனக்கு நடந்தது இது. நேரமில்லை என்று நல்ல உளி ஒன்றைத் தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்தேன். மின்சாரச் சாணையில் பூ மாதிரிப் பொறி பறந்தது, பார்க்க நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது முனை மயில் கழுத்து நீலத்தில் இருந்தது. வைக்கோல் நிறம் வரும்போதே நிறுத்தித் தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும். நீலம் என்றால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, கொல்லன் கொடுத்த கடினம் அங்கே இளகிவிட்டது. நீலம் உள்ள பகுதியை, எனக்கு 3 மி.மீ., கையால் கல்லில் தேய்த்துத் தீர்ப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. தேய்க்கும்போதும் நீலத்தின் நிழல்கூட மிச்சமில்லாமல் போகிறவரை விடாதீர்கள். சாணைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்று, மூன்று எண்ணுவதற்குள் முக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கம்பி மாதிரி உளியை நெம்புவதும் பல்லை உடைக்கும். துண்டு வரவில்லையென்றால் அது இன்னும் அறுபடவில்லை. நெம்பாமல் இன்னொரு வெட்டு வெட்டுங்கள்.

காடி பலகையின் கோடியில் பிளந்துவிட்டது

பலகையை முதலிலேயே சரியான நீளத்துக்கு அறுத்துவிட்டு, கோடி வரை காடி எடுத்தால் இதுதான் கதி. கோடியில் நாரைப் பிடித்துக்கொள்ள அடுத்து மரம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, காடி முடிந்தபிறகு அறுத்துத் தள்ளுங்கள். ஏற்கெனவே அறுத்துவிட்டீர்கள் என்றால், கோடியை இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிளாம்ப்பால் அமுக்கிக்கொண்டு, கோடியிலிருந்து உள்ளே நோக்கி வெட்டுங்கள். சின்ன விரிசலாக இருந்தால் அதற்குள் தண்ணீராகக் கரைத்த ஃபெவிகாலை விட்டு இறுக்கி ஒரு ராத்திரி வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

வெட்டியபோது பொருந்தியது, ரெண்டு மாசத்தில் பொருந்தவில்லை

இது உளி பண்ணிய வேலை இல்லை, ஆனால் பழி உளிக்குத்தான் வரும்.

மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அகலவாக்கில்தான் எல்லாம். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் மேல்காற்று அடிக்கும் மத்தியானங்களில் மரம் வறண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மரம் ஊறிப் பெருத்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து கொட்டித் தீர்த்த பிறகு ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் எந்தக் கதவும் முழுதாகச் சாத்தவில்லை. அதே நேரம், மே மாதம் நான் இறுக்கமாகச் செருகிய ஒரு அலமாரிக் கதவுப் பலகை, நடுவில் உப்பி, சட்டத்தின் மூலைப் பொருத்தையே திறந்துவிட்டது.

அதனால் சட்டத்துக்குள் பலகை செருகும் காடியை ஆழமாக எடுத்து, பலகையின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி அகலப் பலகைக்கு, கோடையில் செய்தால் இரண்டு பக்கமும் 2 மி.மீ. இடைவெளி விடுகிறேன். மழைக்காலத்தில் செய்தால் பலகை ஏற்கெனவே பெருத்திருக்கும், 1 மி.மீ. போதும். அதற்குப் பதில் அப்போது பலகையின் ஓரம் காடிக்குள் நன்றாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மே மாதம் சுருங்கி வெளியே எட்டிப்பார்க்கும். காடிக்குள் பசை போடவே கூடாது. பலகை உள்ளே ஆட வேண்டும். வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் பலகையைச் செருகும் முன்னாலேயே அதன் ஓரங்களுக்கும் அடித்துவிடுங்கள், சுருங்கும்போது வெள்ளைக் கோடு தெரியாது.

தடிமன் மட்டும் இறுகினால் காடியைத் தொடாதீர்கள். பலகையின் ஓரத்தைப் பின்பக்கமிருந்து இழைப்புளியால் இரண்டு சீவல் எடுத்தால் முடிந்தது. காடியை அகலப்படுத்துவது சுலபம், குறுக்குவது முடியாத காரியம்.

தீட்டி வைத்த உளி மறுநாளே கோடு போடுகிறது

துரு. கடற்காற்று படுகிற வீட்டில் உளியைத் துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் முதுகில் காவிப் பொட்டு இருக்கும். அது முனையைத் தொட்டுவிட்டால் சின்னக் குழி விழும், குழி உள்ள இடம் வெட்டாது, காடியில் கோடு போடும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைத்தான் பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு துணியில் நனைத்து, வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நான் ஒரு கட்டையில் துளை போட்டு, முனை கீழே தொடாமல் உளிகளை நிற்கவைத்திருக்கிறேன். குழி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? 400 வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டுங்கள், முதுகிலிருந்து ஆரம்பியுங்கள்.